தாப்பா மலைச்சாலையில் தனிப்பயணம்: தடை போடுவதா, தயார்ப்படுத்துவதா?

தாப்பா பட்டணத்திலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலையில், வார இறுதி விடியற்காலைகளில் தனி ஆளாக மோட்டாரில் மலையேறும் இளைஞர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஓடுவது பெரும்பாலும் கப்ச்சாய் அல்லது 150 சிசி மோட்டார். பின்னிருக்கையில் ரப்பர் கயிற்றால் கட்டிய கூடாரம், ஒரு சிறிய எரிவாயு அடுப்பு, இரண்டு பொட்டலம் மெகி. மலையில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் மாலை வீடு திரும்புவதுதான் திட்டம். இவர்களில் இந்திய இளைஞர்களும் கணிசமாக இருக்கிறார்கள். பீடோர், சுங்காய், கம்பார், ஈப்போ எனச் சுற்றுவட்டாரத்திலிருந்தும், தலைநகரிலிருந்தும் வருகிறார்கள்.

இதைப் பற்றி வீடுகளில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "காட்டுல போய் படுக்கணும்னு என்னடா தலையெழுத்து?" என்பது பெற்றோர் கேள்வி. "குடிச்சிட்டு ரோட்டுல நிக்கிறதுக்கு இது மேல்தானே" என்பது பிள்ளைகளின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தனியாகப் போகிற ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் அவரை எங்கே தேடுவது என்ற கேள்வியை இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

சுற்றுப்பயணத்துறை 2026-ஐ மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டாக அறிவித்து, காடு, மலை, அருவி என்று விளம்பரம் செய்கிறது. பேராக் மாநிலம் 2024-இல் தனக்கென ஒரு வருகை ஆண்டையே நடத்தியது. இயற்கையைத் தேடிப் போகச் சொல்லி அரசாங்கமே அழைக்கும்போது இளைஞர்களைப் போகாதே என்று சொல்வது எடுபடாது. எப்படிப் போவது என்பதைத்தான் பேச வேண்டும்.

பெரியவர்களின் பயத்துக்குப் பின்னால்

இந்த மலைச்சாலைக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு புதியதல்ல. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காகச் சென்று வந்த மலைப்பகுதி, 1920-களின் பிற்பாதியில்தான் குளிர்வாசத் தலமாக வளரத் தொடங்கியது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போடும் வேலை முடிந்தது 1930-களின் தொடக்கத்தில். 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். கீழே தாப்பா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலும் அவர்களே பால் வெட்டினார்கள்.

அந்தத் தலைமுறைக்குக் காடு என்பது வேலை. அதன் பிறகு அது பயமாகவும் ஆனது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தென் பேராக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதி. 1952-இல், தெற்கே உள்ள தஞ்சோங் மாலிமில் ஜெனரல் டெம்ப்ளர் ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு போட்டார். தோட்டத் தொழிலாளர்களை முள்வேலிக்குள் சேர்த்து வைத்தார்கள். அரிசியைக் காட்டுப் பக்கம் கொண்டு போனாலே கைது என்ற நிலை இருந்தது. "காட்டுப் பக்கம் போகாதே" என்று பாட்டிமார் இன்றும் சொல்வதில் பேய், புலிப் பயத்தோடு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவும் கலந்திருக்கிறது.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு வாசலைத் தாண்டினால் ஆறும் மேடும் இருந்தன. அடுக்குமாடியில் வளரும் பேரனுக்கு அவை இல்லை. தாத்தா கூலிக்கு ஏறிய மலையில் பேரன் காசு செலவழித்து ஏறுகிறான் என்றால், இழந்த ஒன்றைத் தேடிப் போகிறான் என்றும் அதைப் புரிந்துகொள்ளலாம்.

உண்மையான ஆபத்து எங்கே?

மலை என்றதும் பலருக்கும் புலியும் பாம்பும்தான் நினைவுக்கு வரும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இந்த நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே மலைக்குப் போகும் இளைஞரின் முதல் ஆபத்து கூடாரத்துக்குள் இல்லை. தாப்பாவுக்கும் ரிங்லெட்டுக்கும் இடையிலான வளைவுகளில் இருக்கிறது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும் பட்டணத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே ஏறும் பாதை. ஏறும்போது வண்டி திணறும், ஆனால் அதிகம் சறுக்காது. இறங்கும்போதுதான் சோதனை. பல கப்ச்சாய்களில் பின் பிரேக் டிரம் வகை. இறக்கம் முழுதும் அதை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக்கி இறங்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. பின்னால் 15 கிலோ மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் இலேசாகி, ஈரமான வளைவில் சொன்னபடி திரும்பாது. எதிரே காய்கறி லாரியும் சுற்றுலாப் பேருந்தும் நடுக்கோட்டைத் தாண்டி வரும் சாலை இது.

குளிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். தாப்பாவில் பகலில் 32 டிகிரி என்றால், மேலே இரவில் 15-16 டிகிரிக்கு இறங்கிவிடும். பிற்பகல் மழையில் நனைந்த டி-சட்டையோடு காற்றில் ஓட்டுகிறவருக்கு விரல் மரத்து, பிரேக் பிடிக்கும் வேகம் குறையும். அதை அவர் உணர்வதே தாமதமாகத்தான்.

அடிபட்டால் என்ன ஆகும்? தாப்பா மருத்துவமனை மலைக்குக் கீழே. சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை மேலே தானா ராத்தாவில். நடுவில் வளைவுகள் மட்டுமே. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்திருப்பவருக்குச் சொந்தக் காயத்துக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. பலர் வீட்டில் சனிக்கிழமை மலையேறும் மோட்டார்தான் திங்கட்கிழமை வேலைக்கும் போகிறது. அது நொறுங்கினால் ஒரு குடும்பத்தின் மாத வருமானமே ஆட்டம் காணும்.

பத்தாங் காலி சொல்லிய பாடம்

கூடாரம் போடும் இடம் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை நாடு 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் பார்த்தது. சிலாங்கூர், பத்தாங் காலி அருகே ஒரு தோட்டத்து முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 31 பேர் மாண்டனர்; பிள்ளைகளும் அதில் அடக்கம். அந்த இடத்துக்கு விவசாயத்துக்கான அனுமதி இருந்தது, முகாம் நடத்துவதற்கான உரிமம் இல்லை என்று அப்போது அரசாங்கம் தெரிவித்தது. ஆற்றோரம், அருவியோரம், மலைச்சரிவு முகாம்களை ஏழு நாள்களுக்கு மூடும்படி நாடு முழுதும் உத்தரவு பறந்தது. பிறகு முகாம் தளங்களுக்கான விதிமுறைகளைப் பற்றிய பேச்சும் நடவடிக்கையும் தொடங்கின.

மாண்டவர்கள் தனியாகப் போனவர்கள் இல்லை. குடும்பத்தோடு, கட்டணம் கட்டி, பலர் நடுவில் தங்கியவர்கள். கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை சரிவின் அடியில் செல்லாது என்பதை அது காட்டியது. அதே சமயம், அங்கே யார் யார் இருந்தார்கள் என்ற விவரம் ஓரளவு இருந்ததால்தான் மீட்புப் படையால் எத்தனை பேரைத் தேடுவது என்று கணக்கிட முடிந்தது. சாலையோரக் காட்டில் தானாகக் கூடாரம் போடும் தனிப்பயணி எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

தாப்பா பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. கோலா வோ, லாத்தா இஸ்கண்டார் போன்ற ஆற்றோர, அருவியோர இடங்களில் மேலே பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் பாயலாம். 'கெபாலா ஆயர்' என்று மலாய்க்காரர்கள் சொல்வது இதைத்தான். கூடாரம் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட விழாமல் இருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, ஆற்றின் இரைச்சல் மாறுவது ஆகியவை அறிகுறிகள். விழித்திருப்பவர் இவற்றைப் பார்த்து மேடேறலாம். மணல் திட்டில் தூங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தனியாக இருப்பவரை எழுப்பவும் ஆள் இல்லை.

அனுமதி முறையில் உள்ள இடைவெளி

சாலையை விட்டுக் காட்டுக்குள் நடந்தால் சட்டம் வேறு. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி, நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தாப்பா பக்கத்திலிருந்து ஏறும் குனோங் பத்து பூத்தே சுமார் 2,130 மீட்டர் உயரம். தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்றான அதற்கு ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பது பலருக்கும் முடியாத காரியம்; இரவு காட்டில் தங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட ஏற்றங்களுக்கு மாநில வனத்துறையின் அனுமதியும், 'மாலிம் குனோங்' எனப்படும் வனத்துறை அங்கீகரித்த மலை வழிகாட்டியும் தேவை.

விதி சரியானதுதான். ஆனால் அது குழுவை மனத்தில் வைத்து அமைந்த விதி. வழிகாட்டிக்கான கூலியைப் பத்துப் பேர் பிரித்துக் கொடுத்தால் பாரம் தெரியாது. ஒருவரே கொடுக்க வேண்டும் என்றால் தொழிற்சாலைச் சம்பளக்காரருக்குக் கட்டாது. மேலும், காடு மாநில அரசுகளின் அதிகாரத்தில் வருவது. தாப்பாவில் தொடங்கும் பயணம் ரிங்லெட்டை எட்டுவதற்குள் பேராக்கைத் தாண்டிப் பகாங்குக்குள் போய்விடுகிறது. ஒரு மாநிலத்தின் அனுமதி அடுத்த மாநிலத்துக் காட்டுக்குச் செல்லாது. செலவும் அலைச்சலும் சேர்ந்து தனிப்பயணியை எளிய வழிக்குத் தள்ளுகின்றன. சாலையோரத்தில் மோட்டாரை மறைத்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறார். சட்டத்துக்குப் பயந்து சொல்லாமல் போகிறவர், ஆபத்து வந்தாலும் அழைக்கத் தயங்குவார். உயிர் போவது அந்தத் தயக்கத்தில்தான்.

யாருக்கும் தெரியாமல் போவது என்னவாக முடியும் என்பதற்குக் கேமரன் மலையிலேயே உலகறிந்த உதாரணம் இருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தோம்சன், 1967 மார்ச் 26-ஆம் தேதி தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியாக வெளியே போனார். போலீஸ், இராணுவம், பூர்வகுடி மக்கள் என நூற்றுக்கணக்கானோர் தேடினர். இன்றுவரை தடயமே இல்லை. எந்தப் பக்கம் போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பணமும் செல்வாக்கும் படைத்தவருக்கே அந்தக் கதி.

தமிழ்நாடு என்ன செய்தது?

தடை போடுவதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் அனுபவம் பயனுள்ள பதில். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம், குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முறையான அனுமதி இல்லாமல் சென்றது பெரிய சர்ச்சையானது. முதலில் அரசு மலையேற்றத்தை நிறுத்தியது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் மூலம் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையம் வழிப் பதிவு, பாதையின் கடினத்தைச் சொல்லும் வகைப்பாடு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்று அமைந்த திட்டம் அது. தீப்பிடிக்கும் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன.

தடையால் மட்டும் மக்கள் நின்றுவிட மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, போகிறவரின் பேரைப் பதிவேட்டில் கொண்டுவந்ததுதான் அங்கே நடந்த முக்கியமான மாற்றம். வேலையும் உள்ளூர்க்காரர்களுக்குப் போகிறது.

தாப்பாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

முன்பு கேமரன் மலைக்குப் போக வேண்டுமானால் தாப்பாவைத் தாண்டியே ஆக வேண்டும். 2000-களில் சிம்பாங் பூலாய் வழி திறந்த பிறகு வடக்கிலிருந்து வரும் போக்குவரத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. நெடுஞ்சாலையில் வருகிறவரும் ஓய்வுப் பகுதியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். பட்டணத்துக் கடைகளுக்கு மிச்சமிருப்பது குறைவு. மோட்டாரில் வருகிறவர் அப்படியில்லை. டோல் கட்டணம் இல்லாத அவர் பட்டணத்துக்குள் வந்து எண்ணெய் ஊற்றுகிறார், தோசை சாப்பிடுகிறார், பட்டறையில் செயின் இறுக்கிக்கொள்கிறார். சிறு செலவுதான், ஆனால் ஊருக்குள் விழும் செலவு.

இந்தக் காட்டை நன்கு அறிந்தவர்கள் செமாய் பூர்வகுடி மக்கள். சாலையோரத்தில் பெத்தாயும் தேனும் விற்கிறவர்களாக மட்டுமே பலர் அவர்களைப் பார்க்கிறார்கள். பீடோரில் தளம் கொண்டிருக்கும் பொது நடவடிக்கைப் படையின் செனோய் பிராக் பிரிவு, காட்டில் காணாமல் போனவர்களைத் தேடும் பணிக்குப் பேர் போனது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பூர்வகுடி மக்களே. அவர்களுடைய கிராமத்தைத் தாண்டிப் போகிறவர் தோக் பாத்தினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை, பாதுகாப்பும்கூட.

இந்திய இளைஞர்களும் ஏன் மலை வழிகாட்டிச் சான்றிதழ் பெறக் கூடாது? மலையேற்றம் இந்தியர்களுக்குப் பழக்கமில்லாத துறை என்று யாரும் சொல்ல முடியாது. 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். இருவரும் இந்தியர்கள். ஆனால் அவர்கள் பெயரை இன்றைய படிவம் மூன்று மாணவரிடம் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? சிறிய மோட்டாரில் தனியாகப் போவதற்கும் பேராக்கிலேயே முன்னோடி உண்டு. ஈப்போ ஆசிரியர் கல்விக் கழக விரிவுரையாளராக இருந்த அனிதா யூசோப், 2015-இல் 150 சிசி யமஹாவில் தனியாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2016-இல் திரும்பினார். அத்தனை எல்லைகளை ஒரு பெண் தனியாகக் கடந்தது ஆவணமும் முன்தயாரிப்பும் இல்லாமல் நடந்திருக்காது.

செய்யக்கூடியவை

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில், வீட்டை விட்டுப் புறப்படுமுன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதி அம்மாவிடமோ நண்பரிடமோ கொடுக்கலாம்: மோட்டார் எண், போகும் பாதை, தங்கும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 999-ஐ அழைப்பது. மலை வளைவுகளில் கைப்பேசி அலை விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால், 'போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன்' என்ற வாக்குறுதி போதாது. தேடுகிறவர்களுக்கு ஒரு நாள் அலைச்சலை அந்தத் தாள் மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, கோயில் இளைஞர் பிரிவுகளும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் தனித்தனியாகப் போகிறவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்துவிடலாம். வழிகாட்டிச் செலவு பிரியும், அனுமதியும் முறையாகக் கிடைக்கும். ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலுதவிப் பயிற்சிக்கும், இரண்டு மூன்று இளைஞர்களின் வழிகாட்டிப் பயிற்சிக்கும் ஒதுக்கினால் பொழுதுபோக்கு தொழிலாக மாறும்.

மூன்றாவது, உரிமம் பெற்ற முகாம் தளங்களின் பட்டியலை மாவட்ட மன்றம் பட்டணத்திலும் எண்ணெய் நிலையங்களிலும் மலாய், தமிழ், சீன மொழிகளில் ஒட்டலாம். தனிப்பயணி தன் பேரைக் கைப்பேசியிலேயே பதிந்து, அனுமதிக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போகும் வசதியை இரு மாநில வனத்துறைகளும் சேர்ந்து செய்து கொடுக்கலாம். தாப்பா நாடாளுமன்றத் தொகுதியை 2008 முதல் பிரதிநிதிப்பவர் டத்தோஸ்ரீ எம். சரவணன். இளைஞர் விளையாட்டுத் துறைத் துணையமைச்சராகவும் மனிதவள அமைச்சராகவும் இருந்தவர். இளைஞர் நடவடிக்கை, தொழில் பயிற்சி இரண்டும் அவருக்குப் பழக்கமான துறைகள் என்பதால், இந்தக் கோரிக்கையை அவரிடம் கொண்டு போவதில் தயக்கம் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. திட்டுவார்கள் என்று பயந்துதான் பல பிள்ளைகள் 'கூட்டாளி வீட்டில் தங்குகிறேன்' என்று பொய் சொல்லிவிட்டு மலையேறுகிறார்கள். அந்தப் பொய், தேட வேண்டிய இடத்தையே மாற்றிவிடும். பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய வீடாக இருந்தால், மழைக்கோட்டை எடுத்து வைத்தாயா, பிரேக்கைப் பார்த்தாயா என்று கேட்கவாவது அப்பாவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.